ஏற்காடு ஏறும் குடும்பத்துக்கு லீஸ் காரா, சொந்தக் காரா?

கேள்வி: என் கணவர் ஓசூரில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். ஆண்டுச் சம்பளம் பதினாறரை லட்சம். திங்கள் காலை கிளம்பினால் வெள்ளி இரவுதான் சேலம் திரும்புவார். நிறுவனம் மூலம் 4 வருட லீஸில் கார் எடுத்தால் இன்ஷூரன்ஸ், சர்வீஸ் உட்பட மாதம் 21,000 ரூபாய். வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் வரம்பு. அதே காரை வாங்கினால் ஆன்ரோடு 10 லட்சம். கையில் 2 லட்சம் இருக்கிறது, பாக்கிக்குக் கடன்தான். மாமனாருக்கு ஏற்காட்டில் சின்னக் காபித் தோட்டம் உண்டு. மாதம் இரண்டு முறையாவது மேலே போவோம். "வாடகைக் கார் நமக்கு எதுக்கும்மா, சொந்தமா வாங்குங்க" என்கிறார் மாமனார். கணவருக்கு லீஸ்தான் பிடித்திருக்கிறது. நான் யார் பக்கம் பேசுவது?
- வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: மாமனார் பக்கம் பேசுங்கள். ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக வேண்டாம். சொந்தக் கார் என்றால்தான் மரியாதை என்பதையெல்லாம் கணக்கில் சேர்க்காமலே உங்களுக்கு விடை கிடைக்கும்.

முதலில் உங்கள் கணவருக்கு நியாயம் செய்வோம். லீஸ் வாடகை, வரி போடுவதற்கு முன்பே சம்பளத்தில் கழிந்துவிடும். புதிய வரி முறையிலும் இந்தச் சலுகை உண்டு. ஆனால் இதன் முழு ருசி 30 சதவீத அடுக்கில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறையில் அதற்கு வருமானம் 24 லட்சத்தைத் தாண்ட வேண்டும். உங்கள் கணவர் இருப்பது 15 சதவீதத்தில். மாதம் சுமார் 3,000 ரூபாய் மிச்சமாகும். காரை வீட்டு உபயோகத்துக்கும் ஓட்டுவதால் ஒரு சிறு தொகையை வருமானத்தில் சேர்ப்பார்கள், அது இதைக் கொஞ்சம் குறைக்கும்.

இப்போது 4 வருடக் கணக்கு. லீஸுக்கு மொத்தம் 10.08 லட்சம், வரியில் மிச்சமாவதைக் கழித்தால் 8.64 லட்சம். வாங்கினால், 8 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியில் 5 வருட இ.எம்.ஐ. சுமார் 16,600. நாலு வருடத்தில் முன்பணத்தோடு ஏறக்குறைய 10 லட்சம் போயிருக்கும். இன்ஷூரன்ஸ், சர்வீஸுக்கு 1.3 லட்சம், அடைக்க வேண்டிய பாக்கிக் கடன் 1.9 லட்சம். காரை நாலரை லட்சத்துக்கு விற்றால் நிகரச் செலவு 8.7 லட்சம்.

ஆக, நாலாவது வருடம் முடியும்போது இரண்டும் ஏறக்குறைய சமம். அதனால் உங்கள் வீட்டில் பேச வேண்டியது வாடகையைப் பற்றி அல்ல, ஒரு காரை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்பதைப் பற்றி. நாலு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவர் என்றால் லீஸ் மோசமில்லை. எலெக்ட்ரிக் கார் எடுப்பவர்களிடமும் லீஸைத் தாராளமாகச் சொல்வேன். பேட்டரித் தொழில்நுட்பம் மாறும் வேகத்தில் பழைய காரின் விலை என்ன ஆகுமோ என்ற கவலை அவர்களுக்கு வேண்டியதில்லை. பத்து வருடம் ஓட்டுகிற குடும்பம் என்றால் ஐந்தாவது வருடத்தோடு இ.எம்.ஐ. முடிந்து, பிறகு பராமரிப்பும் இன்ஷூரன்ஸும் மட்டும்தான். லீஸ்காரருக்கோ வாடகை முடிகிற நாளே கிடையாது.

அடுத்தது, உங்கள் ஓட்டம். சேலத்திலிருந்து தொப்பூர், கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் போய்வர 300 கிலோமீட்டருக்கு மேல். வாரம் ஒரு தடவை காரில் போனாலே வருடத்துக்கு 15,000 தாண்டிவிடும். ஏற்காடு அதற்கு மேல். வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் கட்டணம். அந்த விகிதத்தை ஒப்பந்தத்தில் பார்த்தீர்களா?

நான் அதிகம் யோசிப்பது மலையைப் பற்றித்தான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது கிளட்ச்சும் இறங்கும்போது பிரேக் பேடும் தேயும். "சர்வீஸ் உட்பட" என்று சொன்னாலும் தேய்மான பாகங்கள் அதில் அடங்குமா என்று பாருங்கள். பல ஒப்பந்தங்களில் அடங்காது. மெயின் ரோட்டை விட்டு இறங்கிய பிறகு தோட்டத்து மண்பாதை இருக்கிறது. மழைக்காலத்தில் நடுவில் புல்மேடும் இரண்டு பக்கமும் டயர் பள்ளமுமாகக் கிடக்கும். காரின் அடிவயிறு உரசாமல் போக முடியாது. சீசனில் டிக்கியில் காபி மூட்டையும் ஏறும். லீஸ் முடிந்து காரைத் திருப்பும்போது பம்பருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, ஒவ்வொரு கீறலுக்கும் விலை போடுவார்கள். நாலு வருடமும் மாமனாரிடம் "மூட்டையைக் காரில் வைக்காதீங்க மாமா" என்று சொல்லிக்கொண்டிருக்க உங்களால் முடியுமா?

இன்னொன்றையும் கணவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். நடுவில் அவர் வேலை மாறினால், புது நிறுவனம் லீஸை ஏற்காவிட்டால் முன்முறிவுக் கட்டணம் அவர் தலையில்தான் விழும். இன்ஷூரன்ஸில் கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை ஏறும் நோ கிளெய்ம் போனஸும் (பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். லீஸ் காரில் அது நீங்கள் இல்லை.

வாங்க முடிவு செய்தால் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். போனஸ் பணம் வரும்போது உதவும். கடன் முடிந்ததும் வங்கியிடம் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, ஆர்.சி.யில் இருக்கும் கடன் குறிப்பை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீக்குங்கள். பலர் இதை மறந்துவிட்டு, விற்கும்போது அலைகிறார்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம்காரர் ஓமலூர் மெயின் ரோட்டில் ஒரு சுற்று காட்டுவார். அது போதாது. வீட்டில் எல்லோரையும் ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, அடிவாரம் தாண்டி நாலு வளைவாவது ஏறிப் பார்த்துவிட்டுப் பிறகு முன்பணம் கட்டுங்கள்.