வெண்டையில் மஞ்சள் நரம்பு நோய்: வைரஸின் ஜீனும் புரோட்டீனும் தெரிந்து விவசாயிக்கு என்ன பயன்?

கேள்வி கேட்டவர் காட்பாடி பக்கம் கோடை வெண்டை போடுகிறவர். 30 நாள் ஆவதற்குள் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிவிடுகிறது, கடையில் கொடுத்ததையெல்லாம் அடித்தும் நிற்கவில்லை என்கிறார். 'வைரஸின் ஜீன், புரோட்டீன் என்று ஆராய்ச்சி செய்கிறார்களே, அதனால் எங்களுக்கு என்ன லாபம்? பப்பாளிக்கும் வாசலில் இருக்கும் செம்பருத்தி, சாமந்திக்கும் இதே வைத்தியம்தானா?' என்பது கேள்வி.

லாபம் உண்டு. ஆனால் வைரஸைக் கொல்லும் மருந்து கிடைக்கும் என்ற அர்த்தத்தில் இல்லை. எந்தப் பயிரில் பூச்சிமருந்து அடித்தால் கொஞ்சமாவது பலன், எதில் அடித்தால் காசு தண்டம் என்பதை வைரஸின் ஒன்றிரண்டு புரோட்டீன்கள்தான் தீர்மானிக்கின்றன. அது தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

முதலில் வந்திருப்பது வைரஸ்தானா என்று பாருங்கள். இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடியுங்கள். நரம்பு வலை போல மஞ்சளாகவும், நரம்புக்கு நடுவே பச்சையாகவும் இருந்தால் மஞ்சள் நரம்புத் தேமல். அதற்கு நேர்மாறாக, நரம்பு பச்சையாக இருந்து நடுப்பகுதி வெளுத்தால் அது பெரும்பாலும் சத்துக் குறை: இளம் இலையில் என்றால் இரும்பு, முதிர்ந்த இலையில் என்றால் மெக்னீசியம். இரண்டையும் குழப்பிக்கொண்டு வைரஸ் செடிக்கு நுண்ணூட்டம் தெளிப்பவர்கள் ஏராளம். இலவம்பாடி முள்ளுக் கத்தரியில் வரும் சிற்றிலை நோயையும் வைரஸ் கணக்கில் சேர்க்கிறார்கள். அது பைட்டோபிளாஸ்மா என்ற செல்சுவர் இல்லாத பாக்டீரியா வகை, தத்துப்பூச்சி பரப்புவது. கதையே வேறு.

வெண்டைக்கு வருவோம். இதன் வைரஸ் பெகோமோவைரஸ் இனம். மரபுப் பொருள் வட்டமான ஒற்றை இழை டிஎன்ஏ, நீளம் சுமார் 2,700 எழுத்து (மரபுச் செய்தியின் ஒவ்வொரு அலகையும் ஒரு எழுத்து என்று கணக்கு வையுங்கள்). நெல்லின் மரபுத் தொகுதி சுமார் 40 கோடி எழுத்து என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சின்னது என்று தெரியும். இந்தச் சின்ன வட்டத்தில் ஆறு முக்கிய ஜீன்கள், எதிரெதிர் திசையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி எழுதப்பட்டிருக்கின்றன. வி1 என்பது உறைப் புரோட்டீன். அதில் 110 பிரதிகள் கூடி, இரண்டு உருண்டை ஒட்டிய மாதிரி இரட்டைத் துகளைக் கட்டுகின்றன. வி2 பரவுவதற்கும் செடியின் எதிர்ப்பை அமுக்குவதற்கும் உதவுகிறது. சி1 என்பதுதான் ரெப் எனப்படும் நகலெடுப்புப் புரோட்டீன். சி2 மற்ற ஜீன்களைத் தூண்டும், சி3 நகலெடுப்பை வேகப்படுத்தும், சி4 எதிர்ப்பை அடக்கும்.

இந்த ஆறில் டிஎன்ஏ பாலிமரேஸ் கிடையாது. நகலெடுக்கும் இயந்திரத்தை வைரஸ் கொண்டுவருவதே இல்லை. வளர்ந்து முடிந்த இலை செல்லில் அந்த இயந்திரம் ஓய்வில் இருக்கும். ரெப் போய், செல் பிரிவதைத் தடுத்து வைத்திருக்கும் செடியின் புரோட்டீனைப் பிடித்து, இயந்திரத்தை மறுபடி ஓட வைக்கிறது. பிறகு டி-ஏ-ஏ-டி-ஏ-டி-டி-ஏ-சி என்ற ஒன்பது எழுத்து இடத்தில், ஏழாவது எழுத்துக்கும் எட்டாவது எழுத்துக்கும் நடுவே ஒரு வெட்டு. அங்கிருந்து வட்டம் உருண்டு உருண்டு நகல் எடுக்கிறது. கடையில் வைரஸ் மருந்து கேட்டால் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் இதுதான். வேலை செய்வதெல்லாம் செடியின் சொந்தப் பாலிமரேஸ். அதை நிறுத்தினால் செடியும் நிற்கும். 'வைரஸ் கில்லர்' என்று பாட்டிலில் ஒட்டி விற்பதை வாங்காதீர்கள்.

இதிலும் பாதிக் கதைதான் முடிந்தது. 2003-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஜோஸும் உஷாவும் இந்த 2,700 எழுத்து டிஎன்ஏவை மட்டும் வெண்டைக்குள் செலுத்திப் பார்த்தபோது இலை லேசாகச் சுருண்டதோடு சரி, நரம்பு மஞ்சளாகவில்லை. கூடவே பீட்டா சாட்டிலைட் என்ற சுமார் 1,350 எழுத்து வட்டத்தையும் சேர்த்துச் செலுத்தியபோதுதான் அசல் நோய் வந்தது. சாட்டிலைட்டால் தனியாக நகலெடுக்கவும் முடியாது, உறை கட்டவும் முடியாது. இரண்டுக்கும் வைரஸை அண்டியிருக்கிறது. அதன் முக்கியப் புரோட்டீன் பீட்டா சி1. செடிகள் வைரஸின் மரபுச் செய்தியை 21 முதல் 24 எழுத்துத் துண்டுகளாக நறுக்கித் தற்காத்துக்கொள்ளும். பீட்டா சி1 அந்தத் தற்காப்பை முடக்குகிறது, நரம்பை மஞ்சளாக்குவதும் அதுவே. பழைய நெல் விவசாயிகளுக்கு இந்தக் கூட்டணி புதிதல்ல: துங்ரோ நோயிலும் ஒரு டிஎன்ஏ வைரஸ் பயிரைக் கெடுக்கும், ஒரு ஆர்என்ஏ வைரஸ் அதைப் பச்சைத் தத்துப்பூச்சியில் ஏற்றிவிடும்.

இனி உறைப் புரோட்டீன். வெள்ளை ஈ நோய்ச் செடியின் சாற்றை உறிஞ்சும்போது துகள்கள் அதன் குடலுக்குப் போகின்றன. குடல் சுவரைத் தாண்டி, உடல் நீரில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்ந்தால்தான் அடுத்த செடிக்குப் போக முடியும். ஒவ்வொரு கதவையும் திறக்கும் சாவி உறைப் புரோட்டீன். 1990-ல் பிரிடன் என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் ஆப்பிரிக்க மரவள்ளி வைரஸின் உறையைக் கழற்றி, தத்துப்பூச்சி பரப்பும் பீட்ரூட் வைரஸின் உறையை மாட்டினார்கள். வெள்ளை ஈயைச் சேர்ந்த வைரஸ் தத்துப்பூச்சியில் பயணம் செய்யத் தொடங்கியது.

இந்தப் பயணத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும். ஆனால் ஒருமுறை உள்ளே போய்விட்டால் ஈ அநேகமாகச் சாகும்வரை பரப்பும். இதிலிருந்து கொல்லைக்கு இரண்டு முடிவு. உங்கள் கொல்லைக்குள்ளேயே செடிக்குச் செடி பரவுவதை ஈயைக் குறைத்துக் கட்டுப்படுத்தலாம். ஆனால் பக்கத்துக் கொல்லையிலிருந்து ஏற்கெனவே வைரஸ் ஏற்றிக்கொண்டு வரும் ஈ, உங்கள் மருந்தில் சாவதற்கு முன்பே ஊசி போட்டுவிடும். ஆகவே சண்டை முழுக்க முதல் 35 நாளுக்குத்தான். 35 நாளுக்குள் தாக்கினால் விளைச்சல் இழப்பு 94 சதவீதம், 50-ம் நாளில் 84, 65-ம் நாளில் 49 என்று 1974-லேயே அளந்திருக்கிறார்கள். 60 நாள் செடிக்கு டேங்க் டேங்காக அடிப்பதில் அர்த்தமில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காய் ஓய்ந்த பழைய வெண்டையை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாக விதைக்காதீர்கள். நம் பக்கம் நடக்கும் பெரிய தப்பு இது. பழைய செடி காயும்போது அதிலிருக்கும் ஈ மொத்தமும் இளஞ்செடிக்கு மாறும். வரப்பில் உள்ள துத்தி, எலியாமணக்கு போன்ற களைகளை விதைப்புக்கு முன்பே எடுத்துவிடுங்கள். சுற்றிலும் இரண்டு வரிசை மக்காச்சோளம், வெண்டைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாக. விதையை இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து கொண்டு நேர்த்தி செய்தால் முதல் சில வாரத்துக்குக் காவல் (அளவு லேபிளில் உள்ளபடி; தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்). மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு ஐந்து, செடியின் தலை உயரத்தில். ஆளுயரத்தில் கட்டினால் ஈ விழாது. வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம்: 10 லிட்டர் டேங்குக்கு அரை கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, காதி சோப்புக் கரைத்து, இலையின் அடிப்புறம் நனைய அடியுங்கள். குஞ்சும் முட்டையும் அடிப்புறத்தில்தான் இருக்கின்றன. மேலே அடிப்பது மழை பெய்த கணக்கு. ரசாயனம் தேவைப்பட்டால் ஒரே வகையைத் திரும்பத் திரும்பப் போடாமல் மாற்றி மாற்றி. பைரித்ராய்டு வகையைத் தவிர்த்துவிடுங்கள், அது இயற்கை எதிரிகளைக் கொன்று வெள்ளை ஈயைப் பெருக்கிவிடும். முதல் 35 நாளில் நோய்ச் செடி தெரிந்தால் காலை வெயில் ஏறுமுன், ஈ மந்தமாக இருக்கும் நேரத்தில் பிடுங்கிச் சாக்கில் போட்டு எடுத்துப் போங்கள். கத்தியாலோ கையாலோ இந்த வைரஸ் பரவாது, பயப்பட வேண்டாம்.

பப்பாளிக்கு இந்த வைத்தியம் செல்லாது. அதைத் தாக்கும் வளையப்புள்ளி வைரஸ் போட்டிவைரஸ் (Potyvirus) இனம். சுமார் 10,300 எழுத்து ஆர்என்ஏ. அதிலிருந்து ஒரே நீளமான புரோட்டீன் உருவாகி, வைரஸின் சொந்த மூன்று வெட்டும் புரோட்டீன்களால் பத்துத் துண்டாகிறது. அதில் ஹெச்சி-புரோ என்ற துண்டு ஒரு முனையில் அசுவினியின் வாயூசியையும் மறுமுனையில் உறைப் புரோட்டீனையும் பிடித்துக்கொள்கிறது. வைரஸ் பூச்சிக்குள் போவதே இல்லை, வாய் நுனியில் தொற்றிக்கொண்டு வருகிறது. ஏறுவதற்குச் சில விநாடி, இறங்குவதற்கும் சில விநாடி. அசுவினி பப்பாளியில் குடியேறுவதுகூட இல்லை. பறந்து வந்து ருசி பார்த்துவிட்டுப் போய்விடும். நீங்கள் அடித்த மருந்து அதைக் கொல்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். ஆகவே பூச்சிமருந்துக் காசை நைலான் வலைக்குள் வளர்த்த நாற்றுக்கும், சுற்றி இரண்டு வரிசை சோளத்துக்கும் செலவிடுங்கள். அசுவினி முதலில் சோளத்தில் குத்திப் பார்த்தால் வாயில் இருப்பது அங்கேயே கழன்றுவிடும். பப்பாளித் தோட்டத்துப் பக்கத்தில் பூசணி, தர்பூசணி வேண்டாம், அவற்றிலும் இது தங்கும்.

தக்காளியிலும் மல்லாட்டையிலும் (நிலக்கடலை) வரும் மொட்டுக் கருகல் இலைப்பேனைச் சேர்ந்தது. அதில் ஒரு விசேஷம்: இலைப்பேனின் குஞ்சு மட்டுமே வைரஸை ஏற்கும், வளர்ந்து சிறகு வந்த பிறகு பரப்பும். குஞ்சுப் பருவத்தில் தவறவிட்டால் பிறகு துரத்திப் பிரயோஜனம் குறைவு.

குடியாத்தம் பக்கம் மிளகாய், தக்காளி நாற்றுவிடுகிறவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். புகையிலைத் தேமல் வைரஸுக்குப் பூச்சியே வேண்டாம். 6,395 எழுத்து ஆர்என்ஏ, நான்கே புரோட்டீன். ஆனால் 158 அமினோ அமிலம் (புரோட்டீனைக் கட்டும் துண்டு) கொண்ட உறைப் புரோட்டீன் 2,130 பிரதியாகச் சுற்றி இறுகக் கட்டுவதால் காய்ந்த புகையிலையிலும் உயிர்ப்போடு இருக்கும். பீடி சுற்றிய கை, பீடி பிடித்த கை, அப்படியே நாற்றைப் பிடுங்கினால் போதும். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கொழுப்பு நீக்கிய பால்பவுடர் லிட்டருக்கு 200 கிராம் கரைத்து, நாற்றுப் பிடுங்கும்போது அதில் அவ்வப்போது கை நனைத்தால் தொற்று நன்றாகக் குறையும். விதையின் மேல்தோலில் இருப்பதை நீக்க டிரைசோடியம் பாஸ்பேட் 10 சதவீதக் கரைசலில் அரை மணி ஊறவைத்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள்.

பூச்செடிக்கு வந்தால், செம்பருத்தி வெண்டையின் குடும்பம். பருத்தி இலைச்சுருள் வைரஸ் அதிலும் தங்கும். துத்தி இனத்தில் ஒரு அலங்காரச் செடி உண்டு. அதன் இலையில் உள்ள மஞ்சள் கோலமே வைரஸ்தான், அழகு என்று பதியன் போட்டே பெருக்கினார்கள். ஈயின் உதவி தேவைப்படாததால் அதன் உறைப் புரோட்டீன் மாறி, வெள்ளை ஈயால் பரவும் திறனையே இழந்துவிட்டது. 2001-ல் மூன்று அமினோ அமிலத்தை மட்டும் மாற்றியதும் அந்தத் திறன் திரும்ப வந்தது!

சாமந்தியில் குட்டைநோய் தருவது வைரஸ்கூட அல்ல, வைராய்டு. சுமார் 354 எழுத்து ஆர்என்ஏ வட்டம், ஒரு புரோட்டீன்கூடக் கிடையாது. செடி குள்ளமாகி, பூ சிறுத்து வெளிறும். பக்கக்கன்றிலும் கத்தியிலும் போகும் என்பதால் பூச்சிமருந்துக்கு இங்கே வேலையே இல்லை. கன்று எடுக்கும் தாய்ச்செடியைத் தனியாகப் பாருங்கள். ஒவ்வொரு செடிக்கும் நடுவே கத்தியை ஒரு பங்கு வீட்டு பிளீச் திரவம், நான்கு பங்கு தண்ணீர் கலந்ததில் முக்குங்கள். வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும்.

எதிர்ப்பு ரகம் வாங்கினால் தீர்ந்ததா என்றால், இல்லை. பூசா சவானி ஒரு காலத்தில் தாங்கியது, பிறகு விழுந்தது. காட்டு வெண்டையிலிருந்து எதிர்ப்பைக் கொண்டுவந்த அர்கா அனாமிகா, பர்பானி கிராந்தி ரகங்களும் பல இடங்களில் இன்று பழைய பலத்தோடு இல்லை. ஒரே செடியில் இரண்டு பெகோமோவைரஸ் நுழைந்தால் டிஎன்ஏ துண்டுகளைப் பரிமாறிக்கொண்டு புதிது பிறக்கும். டிஎன்ஏ வரிசை 91 சதவீதத்துக்குக் கீழே ஒத்திருந்தால் அதைத் தனி இனமாகவே கணக்கெடுக்கிறார்கள், அந்த அளவுக்கு மாற்றம் சகஜம். அதனால் உங்கள் ஊரில் போன வருஷம் எது தாங்கியது என்பதைக் கேட்டு விதை வாங்குங்கள், பாக்கெட்டில் போட்டிருப்பதை நம்பி அல்ல.

நோய் எது என்று சந்தேகம் இருந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். முழுசாக மஞ்சளான பழைய இலை வேண்டாம். நுனியில் இப்போதுதான் நரம்பு வெளுக்கும் இளம் இலையை எடுத்து, ஈரமில்லாமல் காகிதத்தில் சுற்றி அன்றே கொண்டுபோங்கள்.

கல்லூரியில் பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்து பார்க்கும் மாணவர்களுக்கு: வெண்டை இலையின் வழவழப்புதான் உங்கள் எதிரி. அந்தப் பிசின் டிஎன்ஏவோடு வந்து பிசிஆரை நிறுத்திவிடும், நோய்ச் செடியே 'இல்லை' என்று காட்டும். 100 மில்லிகிராம் இளம் இலைக்கு மேல் எடுக்காதீர்கள். டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் சிடாப் (CTAB) கரைசலில் உப்பை வழக்கமான 1.4 மோலாரிலிருந்து 2 மோலாருக்கு ஏற்றி, பிவிபியும் (PVP) சேருங்கள். அப்படியும் பட்டை வராவிட்டால் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி போடுங்கள், பெரும்பாலும் வந்துவிடும். வைரஸுக்கு மட்டும் பார்த்து நிறுத்தாமல், சாட்டிலைட்டுக்கான பிரைமரும் (எந்த டிஎன்ஏவைப் பெருக்க வேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) போட்டு 1,350 எழுத்துப் பட்டை வருகிறதா என்று பாருங்கள்.