சாப்பிட அடம்பிடிக்கும் நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுக்கலாமா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கிறோம். எங்கள் மணி, கருத்தடை செய்த நான்கு வயது மினியேச்சர் ஷ்னவுசர். எடை 7 கிலோ. ஓராண்டாக உலர் உணவை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். மூன்று பிராண்டு மாற்றிப் பார்த்துவிட்டோம். புதியதை ஒரு வாரம் ஆர்வமாகத் தின்பான். பிறகு பழைய கதைதான். பட்டினி கிடக்கிறானே என்று என் மாமியார் காலையில் நான்கு மேரி பிஸ்கட்டும், மதியம் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய கோழித் துண்டுகளும், இரவில் தயிர்ச்சோறும் கொடுக்கிறார். அவற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுகிறான். எங்கள் புளோக்கில் நாய் வளர்க்கும் ஒருவர், பச்சை இறைச்சிக்கு மாற்றிய பிறகு தம் நாய் தட்டை நக்கித் துடைக்கிறது, ரோமமும் மின்னுகிறது என்கிறார். வீட்டில் இரண்டு வயது மகளும், நீரிழிவு உள்ள மாமியாரும் இருக்கிறார்கள். எப்படி மாற்றுவது?
– வாசகி, செங்காங்

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பச்சை இறைச்சி எந்த நாய்க்குமே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. மணி ஏன் சாப்பிடுவதில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே பாதி தெரிகிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த உணவுக்கு மாற்றினாலும், ஒரு வாரம் கழித்து அதையும் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுவான்.

வீட்டுக்குள் வளரும், கருத்தடை செய்த 7 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கலோரி போதும். ஒரு மேரி பிஸ்கட்டில் 20 கலோரிக்கு மேல் இருக்கிறது. நான்கு பிஸ்கட்டிலேயே அன்றைய தேவையில் ஐந்தில் ஒரு பங்கு முடிந்துவிடுகிறது. அதன்மேல் கோழித் துண்டும் தயிர்ச்சோறும் சேர்ந்தால் உலர் உணவுக்கு அவன் வயிற்றில் இடமே இல்லை. அவன் பட்டினி கிடக்கவில்லை. தட்டில் இருப்பதைத் தொடாமல் இருந்தால் அதைவிட ருசியானது வரும் என்று ஓராண்டாகக் கற்றுக்கொண்டு, அதன்படி காத்திருக்கிறான்.

குழம்புக் கோழியைக் கழுவிக் கொடுப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தச்சோகையை உண்டாக்குபவை. வேகவைத்தாலும் அந்த நச்சுத்தன்மை போவதில்லை, குழம்பில் ஊறிய இறைச்சியைக் குழாயடியில் காட்டினால் மேலே ஒட்டியிருப்பது மட்டுமே போகும். சிறிது சிறிதாக நாள்தோறும் உள்ளே போனாலும் கெடுதல்தான். பாயசத்தில் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. மாமியாருக்கு நீரிழிவு என்கிறீர்கள்; சர்க்கரையில்லா மிட்டாய், சூயிங்கம் போன்றவற்றில் சைலிட்டால் சேர்ந்திருந்தால், அதில் சிறிதளவே நாயின் இரத்தச் சர்க்கரையை வேகமாக வீழ்த்திவிடும். அவருடைய கைப்பை மணிக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. உலர் உணவை வெறுத்துவிட்டு பிஸ்கட்டுக்குத் துள்ளி வரும் நாய் பெரும்பாலும் அடம்பிடிக்கும் நாய்தான். ஆனால் ஆசையோடு தட்டருகே வந்து, முகர்ந்து, உதட்டை நக்கி, எச்சிலை விழுங்கித் தலையைத் திருப்பிக்கொண்டால் அது குமட்டல்; ஒரு பக்கமாக மென்றாலோ, வாயில் எடுத்த உருண்டையைக் கீழே போட்டாலோ பல்வலியாக இருக்கலாம். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் பசியை மந்தமாக்கும் காரணங்களுள் ஒன்று. மணி ஷ்னவுசர் என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இந்த இனத்தில் இரத்தத்தில் கொழுப்பு மிகுந்திருப்பதும், அதையொட்டிக் கணைய அழற்சி வருவதும் மற்ற இனங்களைவிட அதிகம். கணைய அழற்சி உயிருக்கே ஆபத்தானது. கொழுப்பு மிகுந்த உணவு அதைத் தூண்டிவிடக்கூடும். கடைகளில் கிடைக்கும் பச்சை உணவில் பலவும் கொழுப்பு கூடியவை. ஆகவே வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பின் அளவைப் பார்த்துக்கொள்ளாமல் மணியின் உணவை மாற்றவே கூடாது.

பரிசோதனையில் குறை எதுவும் இல்லையென்றால் இரண்டு வாரங்களுக்கு வீட்டின் வழக்கத்தை மாற்றுங்கள். காலை நடைக்குப் பிறகு ஒருமுறை, மாலை நடைக்குப் பிறகு வெயில் தணிந்ததும் ஒருமுறை, அளந்து வையுங்கள். இருபது நிமிடத்தில் சாப்பிடாததை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை வேறு எதுவும் கூடாது. கெஞ்சுவது, கையில் ஊட்டுவது, தட்டைச் சுற்றி எல்லோரும் நிற்பது ஆகியவையும் அவனுக்கு வெகுமதிதான், அவற்றையும் விட்டுவிடுங்கள். உலர் உணவில் சிறிது வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவைத்தால் மணம் எழும்பும். நலமாக உள்ள வளர்ந்த நாய் ஒரு வேளை, இரண்டு வேளை தவிர்த்தால் பயப்பட வேண்டியதில்லை. 24 மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தொடவில்லை என்றாலோ, வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து படுத்தாலோ உடனே மருத்துவரிடம் வாருங்கள்.

இதில் மாமியாரை விலக்கி வைத்தால் எதுவும் நடக்காது. ஊட்டுவதுதான் அவர் மணியிடம் காட்டும் பாசம். அதைத் தடுத்தால், உங்களுக்குத் தெரியாமல் மேசைக்கடியில் கை நீளும். அன்றைய உணவை அளந்து வைக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி, வெள்ளரி, பீன்ஸ் ஆகியவற்றை நறுக்கி ஒரு சிறிய டப்பாவில் வைத்து, அன்று முழுவதும் கொடுக்க அவ்வளவுதான் என்று பேசிக்கொள்ளுங்கள். நொறுக்குத் தீனி நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

இனிப் பச்சை இறைச்சிக்கு வருகிறேன். உங்கள் அண்டைவீட்டார் சொல்வதில் உண்மை உண்டு. ஈரப்பதமும் கொழுப்பும் மணமும் உள்ள உணவை நாய்கள் விரும்புகின்றன. பச்சை உணவு தின்னும் நாயின் மலம் அளவில் குறைந்து கெட்டியாக இருப்பதும் உண்மை. ஆனால் இந்த நன்மைகளில் பெரும்பங்கை, சமைத்த சமச்சீர் உணவிலும் பெறலாம். பச்சையாகக் கொடுப்பதால் மட்டுமே கூடுதல் ஆரோக்கியம் கிடைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கிருமிகள் பற்றிய சான்றோ உறுதியாக இருக்கிறது. சால்மொனெல்லா, லிஸ்டீரியா, கேம்பிலோபாக்டர், ஈ.கோலை ஆகியவை பச்சை இறைச்சியில் அடிக்கடி காணப்படுபவை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-லேயே இதைக் காரணம் காட்டிப் பச்சை இறைச்சி உணவைப் பரிந்துரைக்கவில்லை என்று கொள்கை வகுத்தது. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சில ஒட்டுண்ணிகள் சாகும். பாக்டீரியா உறக்கத்தில் இருந்துவிட்டு, உறைநிலை நீங்கியதும் மீண்டும் பெருகும்.

நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே என்பதும் இங்கே போதிய ஆறுதல் அல்ல. நோய்க்குறி எதுவும் இல்லாமலே நாய் தன் மலத்தில் சால்மொனெல்லாவை வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். சாப்பிட்ட வாயோடு அது குழந்தையின் கன்னத்தையும் கையையும் நக்கும்; குழந்தை அந்தக் கையை வாயில் வைக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கே இக்கிருமிகளால் பாதிப்பு கடுமையாகும். உங்கள் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும், தொற்றை எளிதில் தாங்க முடியாத நீரிழிவு உள்ள பெரியவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். என் சொந்த வீடாக இருந்தால் நான் பச்சை இறைச்சியை உள்ளே கொண்டுவர மாட்டேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். உலர் உணவு வேண்டவே வேண்டாம் என்றால், ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்று அட்டையில் தெளிவாக அச்சிட்ட, மிதமாகச் சமைத்து உறைய வைத்த உணவைக் கொழுப்பின் அளவு பார்த்து வாங்குங்கள்.

மகள் வளர்ந்த பிறகோ வீட்டுச் சூழல் மாறிய பிறகோ பச்சை உணவுக்கு மாற்ற நீங்கள் தீர்மானித்தால், கிருமிகளைக் குறைப்பதற்காக உயர் அழுத்தத்தில் பதப்படுத்திய, எலும்பு சேர்க்காத, கொழுப்பு குறைந்த, ஒரே வகை இறைச்சியில் செய்த முழுமையான, சமச்சீரான உணவில் தொடங்குங்கள். வளர்ந்த நாய்க்கு உடல் எடையில் 2 முதல் 3 விழுக்காடு என்பது வழக்கமான கணக்கு. மணிக்கு அது 140 முதல் 210 கிராம் வரை வரும், எடையைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். முதல் சில நாள் பழைய உணவோடு ஒரு தேக்கரண்டி மட்டும் கலந்து, மலம் கெட்டியாக இருந்தால் மட்டுமே அளவைக் கூட்டுங்கள்; பத்து நாளில் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேண்டாம், அடம்பிடிக்கும் நாய்க்கு ஒரு மாதம் ஆனாலும் தவறில்லை. குளிர்ந்த இறைச்சியில் மணம் எழாது, ஆகவே உணவை மூடிய பையோடு வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்தெடுங்கள். பச்சை மணமே பிடிக்காவிட்டால் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் வாட்டிக் கொடுத்து, வாட்டும் நேரத்தை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வரலாம்.

உறைந்த இறைச்சியைச் சமையல் மேடையில் வைத்து இளக விடாதீர்கள். 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் பாக்டீரியா வேகமாகப் பெருகும்; நம் சமையலறை ஆண்டு முழுவதும் 30 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. மூடியுள்ள டப்பாவில் போட்டு, குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் ஓர் இரவு வையுங்கள். பல வீடுகளில் நான் பார்ப்பது, இறைச்சிப் பொட்டலம் மேல்தட்டிலும் இட்லி மாவுப் பாத்திரம் கீழ்த்தட்டிலும் இருப்பதுதான். பொட்டலம் கசிந்தால் இரத்தநீர் நேராக மாவில் சொட்டும். மணிக்கென்று தனியாக ஓர் எவர்சில்வர் கிண்ணமும், தனிக் கத்தியும், தனிப் பஞ்சும் இருக்கட்டும். மிச்சத்தை மறுவேளைக்கு வைக்காமல் கொட்டிவிடுங்கள். பணிப்பெண் உணவு வைக்கிறார் என்றால் கைகழுவுவது முதல் அனைத்தையும் அவரிடம் பொறுமையாக விளக்குங்கள், கிருமி அவரையும் தாக்கும்.

கேள்வி: தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கி நானே வீட்டில் பச்சை உணவு தயாரித்தால் செலவு குறையும் அல்லவா? 80:10:10 என்ற விகிதம் போதுமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: 80 பங்கு சதை, 10 பங்கு எலும்பு, 10 பங்கு உள்ளுறுப்பு, அந்த உள்ளுறுப்பில் பாதி ஈரல், மீதி பாதி சுவரொட்டி (மண்ணீரல்), குண்டிக்காய் (சிறுநீரகம்) போன்றவை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நினைவில் வைக்க எளிதே தவிர, அது முழுமையான உணவு அல்ல. இந்த விகிதத்தை அப்படியே பின்பற்றினாலும் துத்தநாகம், மாங்கனீசு, அயோடின், வைட்டமின் ஈ, வைட்டமின் டி ஆகியவை குறையக்கூடும். ஈரலைக் கூட்டினால் குறை தீரும் என்று நினைத்தால் வைட்டமின் ஏ மிகுந்து எலும்பு மூட்டுகள் பாதிக்கப்படும்.

வெறும் சதையைக் கொடுப்பது இதைவிடப் பெரிய தவறு. சதையில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல் இருக்கிறது, நாய்க்கோ பாஸ்பரசைவிடக் கால்சியம் சற்றுக் கூடுதலாகத் தேவை. உணவில் கிடைக்காத கால்சியத்தை உடல் தன் எலும்பிலிருந்தே உருவி எடுத்துக்கொள்ளும். வளரும் குட்டியில் இது சில வாரங்களிலேயே கால் வளைவதிலும், லேசாகக் குதித்தாலே எலும்பு முறிவதிலும் போய் முடியும். ஓராண்டு நிறையாத குட்டிக்கு வீட்டில் குத்துமதிப்பாகத் தயாரித்த உணவு எதுவும் வேண்டாம். வளர்ந்த நாய்க்குத் தயாரிக்க விரும்பினால், விலங்கு ஊட்டச்சத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் உங்கள் நாயின் எடைக்கும் வயதுக்கும் எழுதிக் கொடுக்கும் முறைப்படி, கிராம் தராசில் நிறுத்துச் செய்யுங்கள். அந்தக் கட்டணத்தையும் உணவில் சேர்க்க வேண்டிய சத்துத்தூளின் விலையையும் சேர்த்துப் பார்த்தால் செலவு நீங்கள் நினைக்கும் அளவுக்குக் குறையாது.

கேள்வி: சூப்பில் போட்ட எலும்பு மென்மையாகத்தானே இருக்கிறது, கொடுக்கலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: கூடாது. வெந்த எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து தொண்டையையோ குடலையோ கிழித்துவிடும். பச்சை எலும்பு அந்த அளவுக்குச் சிதறாது என்றாலும், அதுவும் பல்லை உடைப்பதுண்டு, குடலை அடைப்பதுண்டு. மெல்லாமல் விழுங்கும் நாய்க்கு எந்த எலும்பையும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி புழங்குவதில்லை. பச்சை உணவு என்றாலே மாட்டிறைச்சி கட்டாயம் என்கிறார் ஒரு நண்பர்.
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: கட்டாயம் இல்லை. கோழி, வாத்து, ஆடு, முயல், கங்காரு என்று இங்கே பல வகை கிடைக்கின்றன. அவற்றுள் கங்காரு இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு. கோழியை மட்டுமே கொடுப்பதாக இருந்தால் துத்தநாகமும் இரும்பும் போதிய அளவு சேர்க்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். ஆட்டிறைச்சி உணவு என்று முகப்பில் பெரிதாக அச்சிட்ட பொட்டலத்திலும் மாட்டு ஈரலோ மாட்டு இதயமோ சேர்ந்திருக்கலாம், ஆகவே வாங்குமுன் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பொருட்பட்டியலைக் கடைசி வரி வரை படித்துவிடுங்கள்.