புத்தகத்தை எரிப்பதும் ஒருவகைக் கருத்துச் சுதந்திரம்தானே?

விலை கொடுத்து வாங்கியவர் தன் பிரதியை எரிப்பதோடு நிறுத்திக்கொண்டால், சரி, அது அவர் எதிர்ப்பு என்று நானும் விட்டுவிடுவேன். நீங்கள் இதையெல்லாம் செய்தியில் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குத் திருச்செங்கோடு புகுந்த ஊர்.

2014 டிசம்பர் 26 அன்று அங்கே பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை எரித்தார்கள். குழந்தையில்லாத பெண் கோயில் திருவிழா இரவில் வேற்று ஆணோடு சேரலாம் என்று ஒரு வழக்கம் கதையில் வருகிறது; அது ஊர்ப் பெண்களைக் கேவலப்படுத்துகிறது என்பது எரித்தவர்கள் பேச்சு. நாவல் வந்தது 2010-இல். நான் முன்பே வாங்கிப் படித்திருந்தேன். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. கதையில் வரும் பொன்னாளை ஊர் குத்திப் பேசும் இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன்.

எரித்த மறுவாரம் மாமனார் வந்து, "அம்மிணி, அந்தப் பொஸ்தகம் நம்மூட்ல இருக்குதுன்னு பேசிக்கறாங்க. எடுத்துட்டு வா சாமி" என்றார். அவருக்குக் கோபமில்லை, பயம். கொடுத்துவிட்டேன். வெந்நீர் அடுப்பில் வைத்தார். தாளெல்லாம் போன பிறகும் அட்டை சுருண்டு சுருண்டு எரிந்தது.

1957-இல் பெரியார் அரசியல் சட்டத்தையே எரிக்கச் சொல்லவில்லையா என்று சிலர் வருவார்கள். அன்று எரித்தவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள், யார் கையையும் கட்டிப்போடவில்லை. இங்கே எரிப்பு, கடையடைப்பு, பிறகு 2015 ஜனவரி 12-இல் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னால் பேச்சுவார்த்தை என்று பெருமாள்முருகனை உட்காரவைத்து, நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டி வந்தது. எல்லை தாண்டியது அங்கேதான்.

புண்பட்டோம் என்றவர்களின் வருத்தம் பொய் என்று நான் சொல்லவில்லை. என் நாத்தனார் நிஜமாகவே அழுதாள். ஆனால் ஊர்ப் பெண்களின் மானம் என்று கிளம்பியவர்களில் ஒருவர் வீட்டு வளைகாப்பில்தான், வளையல் போட எழுந்த என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அந்த அவமானத்தை இன்றுவரை ஒருத்தர் கேட்கவில்லை.

2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றம், அப்படி எழுதி வாங்கியது பெருமாள்முருகனைக் கட்டுப்படுத்தாது, பிடிக்காதவர்கள் படிக்காமல் விடலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அப்புறம் புதுப் பிரதி வாங்கினேன். பழையதில் கோடு போட்டிருந்த வரிகளைத் தேடித் தேடி மறுபடி போட்டேன். இரண்டு மூன்று மட்டும் எங்கே என்று இன்னும் அகப்படவில்லை.