மாறிவரும் உலகத்துக்குப் பல்கலைக்கழகங்கள் மாணவர்களை எப்படித் தயார் செய்யலாம்?

மதுரையில் ஒரு கலைக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். அவர்களை மனதில் வைத்தே இந்தப் பதில்.

காலம் மாறுகிறது என்றதும் புதுப் பெயரில் ஒரு படிப்பைத் தொடங்கிவிடுகிறோம். பாடத்திட்டம் எழுதி, ஒப்புதல் வாங்கி, முதல் பேட்ச் வெளியே வருவதற்குள் அதில் சொல்லிக்கொடுத்த மென்பொருள் பழசாகிவிடுகிறது. இந்த ஓட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் முந்த முடியாது. சிலபஸை விடுங்கள், இறுதியாண்டு புராஜெக்டை முதலில் சரிசெய்யுங்கள் என்பேன்.

இப்போது அது எப்படி நடக்கிறது என்று படித்த எல்லோருக்கும் தெரியும். கடைசி செமஸ்டரில் ஏதோ ஒரு புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி, பைண்டிங் போட்டு, வைவா என்ற வாய்மொழித் தேர்வில் சில நிமிடம் தலையாட்டிவிட்டு வருவது. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் அந்தக் காசும் மிச்சம். படிப்பு முழுவதிலும் ஒரு பிள்ளை தானாக ஒன்றைச் செய்து பார்க்கக் கிடைக்கும் ஒரே இடத்தை இப்படி வீணடிக்கிறோமே என்று மனசு கொதிக்கிறது.

புராஜெக்ட் எப்படி இருக்கலாம் என்பதற்கு எங்கள் ஊர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் வெயில் காலத்தில் வரத்து குவிந்தால் விலை சரிகிறது, மிஞ்சிய பூ சென்ட் ஃபேக்டரிக்குப் போகிறது. பனிக்காலத்தில் வரத்து சுருங்கி, முகூர்த்த நாளில் விலை எங்கேயோ போய்விடுகிறது. ஒரு மாணவி ஆறு மாதம் அங்கே போய் வரத்தையும் விலையையும் குறிக்கட்டும். முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்வாள். விடியற்காலையில் ஒரு விலை, வெயில் ஏறியபின் வேறு விலை. அப்படியானால் ‘இன்றைய விலை’ எது? எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் தப்பு; அதிகக் கிலோ எந்த விலைக்குப் போனதோ அதற்கு அதிக மதிப்பு தரவேண்டும். நிறையிட்ட சராசரி என்று புத்தகத்தில் படித்தது எதற்கென்று அன்றைக்குத்தான் புரியும். கமிஷன் கடைக்காரர் நோட்டைக் காட்ட மாட்டார், அவரிடம் பேசிப் பழக வேண்டும். பொங்கலை ஒட்டி ஏறும் விலையை மற்ற நாட்களோடு சேர்க்கலாமா, தனியாக வைக்கலாமா? இதற்கு ஏஐ பல பதில்கள் தரும். எது இந்த மார்க்கெட்டுக்குப் பொருந்தும் என்று முடிவெடுக்க வேண்டியவள் அவள்தான். நாளைக்கு எந்தக் கருவி வந்தாலும் அந்தப் பயிற்சி கூடவே போகும்.

இது ஆகாத காரியமும் இல்லை. நமக்குப் பக்கத்திலேயே, 1956-இல் தொடங்கிய காந்திகிராம கிராமிய நிறுவனத்தில் மாணவர்கள் கிராமத்தில் தங்கி வேலை பார்ப்பது படிப்பிலேயே சேர்ந்த ஒன்று.

“பிளேஸ்மென்ட் என்னாகும்?” என்று பெற்றோர் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் திறன் பயிற்சிகள் கிடைக்கின்றன. அவற்றையும் விடாமல் படிக்கட்டும். ஆனால் இன்டர்வியூவில் “புராஜெக்ட்டில் நீ என்ன செய்தாய்?” என்று கேட்டால், ஆறு மாதம் மார்க்கெட்டில் நின்ற பிள்ளை தடுமாறாது. ஆங்கிலம் கொஞ்சம் தட்டினாலும் சொல்ல அதனிடம் விஷயம் இருக்கும்.

பல்கலைக்கழகம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். புராஜெக்டைக் கடைசி செமஸ்டரில் திணிக்காமல் ஐந்தாவது செமஸ்டரிலேயே தொடங்கி, வாரத்தில் ஒரு நாளை அதற்கென்று டைம்டேபிளில் ஒதுக்கித் தரவேண்டும். ஓர் ஆசிரியர் தலையில் முப்பது பேரைக் கட்டக் கூடாது. பஸ் செலவுக்குச் சிறு தொகை தரவேண்டும், இல்லையென்றால் வசதியுள்ள பிள்ளைகள் மட்டும்தான் வெளியே போவார்கள். மதிப்பெண்ணில் ஒரு பங்கை, அந்த வேலை யாருக்காகச் செய்யப்பட்டதோ அவரே போட வேண்டும். பூக்காரரும் வைவாவில் உட்காரட்டும்.