வரிசை எண்ணுக்கு வேஷம் போட்டால் போதுமா?

வணக்கம் ஐயா,

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்காக அர்ச்சனைப் பதிவுத் தளம் ஒன்றை பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியிருக்கிறேன். உள்ளே வருபவருக்குத் தரவுத்தளம் கொடுக்கும் வரிசை எண்ணை எம்டி5 என்ற கலக்கும் சூத்திரத்தில் போட்டு, வரும் விடையையே அவரை அடையாளம் காட்டும் அமர்வுக் குறியீடாக, அவருடைய உலாவி சேமித்துவைக்கும் குக்கியில் வைக்கிறேன். அது போதாது என்கிறான் நண்பன். நேரத்தையும் சேர்த்துக் கலக்கினால் சரியாகிவிடுமா?

— வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. எம்டி5 ஊரறிந்த சூத்திரம். ‘1’ என்று கொடுத்தால் விடை ‘சி4சிஏ4238’ என்றுதான் தொடங்கும். சுங்கை சிப்புட்டில் போட்டாலும் சிட்னியில் போட்டாலும் அதேதான். திருட வருபவன் தன் குக்கியைப் பார்த்துக்கொண்டு, ஒன்றிலிருந்து பத்து லட்சம் வரை எல்லா எண்களையும் தன் கணினியிலேயே போட்டுப் பார்ப்பான். சில நொடி வேலை. தன் எண் 4812 என்று தெரிந்ததும் 4811-க்கு உரியவராக உள்ளே நுழைந்துவிடுவான். எஸ்எச்ஏ-256 என்ற இன்னும் வலுவான சூத்திரத்துக்கு மாறினாலும் இதே கதைதான்.

நேரமும் காப்பாற்றாது. 1995-இல் நெட்ஸ்கேப் உலாவியின் ரகசியச் சாவிகள் அப்போதைய நேரத்தையும் கணினியின் செயல்முறை எண்களையும் வைத்தே உருவாயின. பெர்க்லி மாணவர்களான இயன் கோல்ட்பர்க், டேவிட் வேக்னர் இருவரும் அதைக் கண்டுபிடித்து உடைத்துக் காட்டினார்கள். கடிகாரம் திருடனிடமும் இருக்கிறது.

வரிசை எண் தரவுத்தளத்துக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே போகும் குறியீட்டுக்கும் அதற்கும் உறவே வேண்டாம். ஊகிக்க முடியாத தற்செயல் மதிப்புகளைத் தரும் பிஎச்பியின் ‘ராண்டம்_பைட்ஸ்’ இடம் 16 பைட் கேட்டு வாங்குங்கள், அதாவது 128 பிட். இருவருக்கு ஒரே குறியீடு வந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம், மொத்த வாய்ப்புகள் 39 இலக்க எண். தற்செயல் எண் தரும் பழைய ‘எம்டி_ராண்ட்’ பக்கம் போகாதீர்கள். அது அடுத்துத் தருவதைக் கணித்துவிடலாம். ரகசியச் சாவி ஒன்றைச் சேர்த்து வரிசை எண்ணைக் கலக்கும் ‘எச்மேக்’ என்ற வழியும் உண்டு. ஆனால் சாவி கசிந்தால் அத்தனை அமர்வும் போய்விடும். உங்களுக்கு அது வேண்டாம்.

தரவுத்தளத்தில் மட்டும் குறியீட்டை எஸ்எச்ஏ-256-இல் போட்டு வையுங்கள். ஊகிக்க முடியாததை அதில் போடும்போதுதான் அதற்குப் பலன்.

சின்னக் கோயில், யார் வரப்போகிறார்கள் என்று இருந்துவிடாதீர்கள். தானாக ஓடும் நிரல்களுக்குச் சின்னது பெரியது கிடையாது. பால் மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர்கள் கோயிலை நம்பித் தங்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் கைத்தொலைபேசி எண்ணையும் தருகிறார்கள். அதைக் காப்பது உங்கள் பொறுப்பு. இன்றே மாற்றுங்கள். பழைய அமர்வுகள் அனைத்தையும் அழித்துவிடுங்கள். எல்லோரும் மறுபடி கடவுச்சொல் கொடுத்து வரட்டும்.