அந்த ஹெல்மெட் ஜோக்கைச் சொன்னது நான்தான்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

நான் ஒரு அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். வயது 42. இந்த வேலைக்கு வந்து 17 வருடம் ஆகிறது. அதில் கடைசி 9 வருடம் காஷுவாலிட்டியில்தான். ஊர்ப் பெயர் வேண்டாம். பக்கத்திலேயே நான்குவழிச் சாலை போகிறது என்று சொன்னால் எங்களுக்கு என்ன மாதிரி கேஸ் வரும் என்று உங்களுக்குப் புரிந்துவிடும்.

எங்களுக்குள் நாங்கள் பேசிக்கொள்வதை வெளியாள் கேட்டால் காறித் துப்புவார்கள். யாராவது இறந்துவிட்டால் 'மாடிக்கு டிரான்ஸ்ஃபர்' என்போம். எங்கள் கட்டடத்துக்கு மாடியே கிடையாது. ஒரே இரவில் நாலைந்து பேர் போய்விட்டால் 'எமன் சாருக்கு இன்னிக்கு ஓ.டி.' (ஓவர்டைம்) என்போம். உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்து இரண்டாவது, மூன்றாவது தடவையாக வருகிறவர்களுக்கு 'சீசன் டிக்கெட்' என்று பெயர். இதெல்லாம் யார் ஆரம்பித்து வைத்தது என்று தெரியாது. நான் வந்தபோதே இருந்தது. இப்போது மற்றவர்களைவிட நான்தான் நன்றாகச் சொல்கிறேன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

மூன்று வாரம் முன்பு நைட் டூட்டியில் ஒரு டூவீலர் ஆக்ஸிடென்ட். பையனுக்கு 19 வயது. 40 நிமிடம் நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். கொடுத்தோம், உயிர் வரவில்லை. பாடியை மார்ச்சுவரிக்கு அனுப்பி, ரிஜிஸ்டர் எழுதி முடித்து, ஃபிளாஸ்க்கில் வந்த டீயை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தோம். போலீஸ்காரர் பையனுடைய பொருட்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அதில் ஒரு ஹெல்மெட் இருந்தது. புதுசு. மேலே பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. வண்டி டேங்க் மேலேயே வைத்து ஓட்டியிருக்கிறான். நான் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு கீறல் இல்ல பாருங்க. தலையைக் கொடுத்து ஹெல்மெட்டக் காப்பாத்திட்டான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டூட்டி டாக்டருக்கு டீ புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன்.

திரும்பினால் வாசலில் பையனுடைய அப்பா நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. "பையனோட போன் இங்க இருக்குதாம்மா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். சாவு நடந்த இடத்தில் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். அந்த ஒரு வார்த்தை இன்னும் காதிலேயே இருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் விடிகாலை 3 மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. டீ நேரத்தில் நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கு மனசு மரத்துப் போயி ரொம்ப வருஷம் ஆச்சு. எங்கம்மா சாவுலயே ஜோக் அடிச்சவதானே நீ" என்றார். அது 6 வருடம் முன்பு. மாமியாருக்கு அப்போது 86 வயது. ஃப்ரீசர் பாக்ஸில் வைத்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. "அத்தைக்கு ஏ.சி. ஒத்துக்காதுன்னு கரண்டுக்கே தெரிஞ்சிருக்கு" என்று சொன்னேன். நாத்தனார்களே அழுதுகொண்டே சிரித்தார்கள். அதை இவர் இத்தனை வருடம் மனதில் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் இப்போது சரியாகப் பேச்சு இல்லை. மகன் வேறு, 18 முடிந்துவிட்டது, பைக் வாங்கிக் கொடு என்று உயிரை எடுக்கிறான். அது தனித் தலைவலி.

இன்னொன்று. அன்றைக்குச் சிரிக்காதவள் ஒரே ஒருத்தி. வேலைக்கு வந்து நாலு மாதம் ஆன பெண். அவளை எல்லோரும் 'சாமியாரம்மா' என்று கூப்பிடுகிறார்கள். வார்டு மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாளாம்.

நான் கெட்டவளா? அந்த அப்பாவின் நம்பர் ரிஜிஸ்டரில் இருக்கிறது. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாமா? இந்த மாதிரிப் பேச்சையே விட்டுவிட வேண்டுமா?

– பெயர் வேண்டாம், ஒரு நர்ஸ்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது ஹெல்மெட் வரியில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைத்துக்கொண்டு உங்களுக்கு உபதேசம் எழுதினால் அது பொய்யாகிவிடும். அடுத்த வரியில் அந்த அப்பா வந்து நின்றதும் சிரிப்பு அப்படியே நின்றது. எனக்கு ஒரு நொடியில் நடந்தது உங்களுக்கு மூன்று வாரமாக நடந்துகொண்டிருக்கிறது.

மனோதத்துவ அறிஞர் ஃபிராய்டு 1927-இல் நகைச்சுவையைப் பற்றி எழுதிய ஒரு சின்னக் கட்டுரையைத் தூக்குக் கைதி ஒருவனிடமிருந்துதான் தொடங்குகிறார். திங்கள்கிழமை காலை தூக்குமேடைக்குக் கூட்டிப் போகிறார்கள். அவன், "இந்த வாரம் நல்லாத்தான் ஆரம்பிக்குது" என்கிறான். சாவு வந்து எதிரில் நிற்கும்போதும், 'என்னை அழவைக்க உன்னால் ஆகாது' என்று மனம் காட்டுகிற வீம்பு அது என்பார் ஃபிராய்டு. எனக்கு இந்தக் கதையில் வேறு ஒரு கேள்வி எப்போதும் உண்டு. அதே வாக்கியத்தைக் கைதி சொல்லாமல், கயிற்றை மாட்டுகிறவன் சொன்னால்? ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் கேட்கவே குமட்டும். சாவையும் துயரத்தையும் வைத்துச் சிரிக்கிற இந்தக் கறுப்பு நகைச்சுவையில் சரி தவறு பார்ப்பதற்கு நான் முதலில் கேட்பது இதைத்தான்: இதைச் சொல்கிறவர் எங்கே நின்று சொல்கிறார்?

நீங்கள் கைதி இல்லை. அன்று இறந்தது உங்கள் பிள்ளை இல்லை. கயிறு மாட்டியவரும் இல்லை. அந்தக் கயிற்றை அறுக்க 40 நிமிடம் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தவர். தோற்றுப்போய், அடுத்த ஆம்புலன்ஸ் வருவதற்குள் கை நடுக்கம் நிற்க வேண்டும் என்று டீ குடித்தவர். நீங்கள் கேலி செய்தது பையனையா என்றால், மேலோட்டமாகப் பார்த்தால் ஆமாம். எனக்கு அதில் கோபம்தான் கேட்கிறது. கையிலேயே வைத்திருந்தானே, தலையில் மாட்டியிருந்தால் இந்நேரம் தையல் போட்டு அனுப்பியிருப்போமே என்கிற கோபம். செத்தவனை அதட்ட முடியாது. அதனால் அது ஜோக்காக வெளியே வந்தது.

கெட்டவளா என்று கேட்டீர்கள். வியன்னாவில் சில ஆய்வாளர்கள் 156 பேரிடம் சாவையும் நோயையும் வைத்து வரைந்த 12 கார்ட்டூன்களைக் காட்டிக் கருத்துக் கேட்டு, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றை நன்றாகப் புரிந்து ரசித்தவர்களிடம் மூர்க்கம் குறைவாகவும், மனநிலை சீராகவும் இருந்தது. அவர்களுடைய புத்திக்கூர்மையும் அதிகமாம்; அதை உங்கள் வீட்டுக்காரரிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். கார்ட்டூன் வேறு, மேஜை மேல் இருக்கும் ஹெல்மெட் வேறு, அதனால் இதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இப்படிச் சிரிப்பவர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் அந்த வீட்டிலேயே இருக்கிறது. பேரன் பேத்தி எடுத்து, 86 வயதில் போனால் அதை நம் ஊரில் 'கல்யாணச் சாவு' என்பார்கள். பறை அடிக்கும், ஆட்டம் இருக்கும், சம்பந்திகளுக்குள் கேலி இருக்கும். அழுதுகொண்டிருக்கும் கிழவியே நடுவில் ஒரு குறும்பைச் சொல்லிவிட்டு மறுபடி ஒப்பாரியைப் பிடித்துக்கொள்வாள். அதே தெருவில் 19 வயதுப் பையன் போனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இதை யாரும் பாடம் எடுத்துச் சொல்லித் தரவில்லை, எல்லோருக்கும் தெரியும். 2012-இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையை சாண்டி புயல் அடித்தபோது, அதைப் பற்றிய ஜோக்குகளை வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு ஆட்களிடம் காட்டிப் பார்த்தார்கள். அடித்து ஓய்ந்த கொஞ்ச நாளில் அவை அவ்வளவாகச் சிரிப்பாக இல்லை. 36 நாள் கழித்து அதிகம் சிரித்தார்கள். அதற்கும் பிறகு ஜோக் ஆறிப்போனது. துக்கத்துக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒரு தூரம் வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் காரியம் முடிந்த பிறகுதானே இறந்தவர் செய்த கூத்துகளைப் பேசிச் சிரிக்க ஆரம்பிக்கிறோம்.

ஒரே நாளில்கூட ஆளுக்கு ஆள் அந்தத் தூரம் மாறும். ஃப்ரீசர் பாக்ஸில் இருந்தவர் உங்களுக்கு அத்தை. வீட்டுக்காரருக்கு அம்மா. நாத்தனார்களும் மகள்கள்தானே என்பீர்கள். அவர்கள் உங்களோடு சேர்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள், அதனால் சிரிக்கவும் முடிந்தது. அவர் எங்கே இருந்தார்? பந்தலுக்கும் பாடைக்கும் ஆள் சொல்லிக்கொண்டு வெளியே அலைந்திருப்பார். உள்ளே நுழையும்போது சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டிருக்கும். ஊகம்தான், கேட்டுப் பாருங்கள். 'நான் மரத்துப் போகல' என்று வாதாடாமல், 'அன்னிக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சு?' என்று கேளுங்கள்.

அந்த அப்பாவுக்கு போன் செய்ய வேண்டாம். ரிஜிஸ்டரில் உள்ள நம்பர் இதற்கு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அது போக, அவர் காதில் அந்த வார்த்தை விழவே இல்லை என்றால், மகனைப் பற்றி இப்படி ஒரு ஜோக் நடந்தது என்று நீங்களே போய்ச் சொன்னதாகிவிடும். விழுந்திருந்தால், பிள்ளையைப் புதைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் 'என்னை மன்னித்து எனக்குத் தூக்கம் கொடுங்கள்' என்று ஒரு வேலையைக் கொடுக்கிறீர்கள். சான்றிதழ், இன்ஷூரன்ஸ் என்று அவர் எப்படியும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருக்கும். கண்ணில் பட்டால் உட்காரவைத்து, "40 நிமிஷம் விடாமப் பார்த்தோங்கய்யா" என்று சொல்லுங்கள். பெற்றவர்களுக்கு அது வேண்டும். அன்றைய பேச்சை அவராக எடுத்தால், விளக்கம் எதுவும் சொல்லாமல் "தப்புங்கய்யா" என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம், டீ குடிக்கிற இடத்துக்கு ஒரு கதவு போடச் சொல்லுங்கள், அல்லது இருக்கிற கதவைச் சாத்துங்கள்.

எனக்கு உண்மையில் உறுத்தியது ஹெல்மெட் இல்லை, 'சீசன் டிக்கெட்'. நீங்கள் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ஹெல்மெட் பேச்சு முடியும்போது அந்தப் பையனுக்கு நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. ஆனால் 'சீசன் டிக்கெட்' உயிரோடு படுக்கையில் இருக்கிறார். அரை மயக்கத்தில் காது கேட்கும். முன்பு ஒரு முறை முயன்றவர்தான் மறுபடி முயன்று இறந்துபோகும் வாய்ப்பு மிக அதிகமாக உள்ளவர். மருத்துவ உலகம் உறுதியாகச் சொல்லும் சில விஷயங்களில் இது ஒன்று. யாரைப் பார்த்து அதிகம் கவலைப்பட வேண்டுமோ அவருக்கே, 'இது எப்பவும் வர்றதுதானே' என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்திருக்கிறீர்கள். பெயர் ஒட்டிக்கொண்டால் கையும் மெத்தனமாகும். 'நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சி' என்று வள்ளுவர் சொன்னது இந்த மாதிரிச் சிரிப்பைத்தான். எமனைக் கேலி செய்யுங்கள், இல்லாத மாடியைக் கேலி செய்யுங்கள், உங்கள் ஓ.டி.யைக் கேலி செய்யுங்கள். இந்த ஒரு பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். வார்டில் மூத்தவர் நீங்கள். நீங்கள் சொல்வதை நிறுத்தினால் பாதி நின்றுவிடும்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் ஹெல்மெட் புதுசு, கவர் பிரிக்காதது, கீறல் இல்லாதது என்று எல்லாம் இருக்கிறது. பையனுக்கு வயது மட்டும்தான் இருக்கிறது. 19. இரண்டு பத்தி தள்ளி, 18 முடிந்த ஒரு பையன் பைக் கேட்கிறான், அதைத் 'தனித் தலைவலி' என்று ஒதுக்கிவிட்டீர்கள். அது தனி என்று எனக்குத் தோன்றவில்லை. விடிகாலை 3 மணிக்கு உங்களை எழுப்புவது அந்த ஜோக்தானா? ஜோக்கை நினைத்து வெட்கப்படுவது கஷ்டம்தான், ஆனால் கையில் பிடிக்க முடிகிற கஷ்டம். அந்த நெஞ்சை 40 நிமிடம் அழுத்தும்போது உங்களுக்கு யார் முகம் தெரிந்தது என்பதைப் பிடிக்க முடியாது. இத்தனை வருடம் டீ குடித்துச் சிரித்தால் கரைந்தது, இந்த முறை கரையவில்லை. அதற்கு இன்னொரு ஜோக் போதாது, யாரிடமாவது உட்கார்ந்து பேச வேண்டும். மூன்று வாரமாகத் தூக்கம் கெடுவது சின்ன விஷயம் இல்லை. சொந்த ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகக் கூச்சமாக இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். நைட் டூட்டிக்காரர்களுக்கு வசதி.

அந்தப் புதுப் பெண்ணை 'சாமியாரம்மா' என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். சிரித்தால்தான் எங்கள் ஆள் என்று பரீட்சை வைத்தால், வருகிறவர்கள் நடிக்கக் கற்றுக்கொள்வார்கள், இல்லாவிட்டால் வார்டு மாற்றிக்கொண்டு போவார்கள். அவள் கிளம்புவதற்குள் ஒரு நாள் டூட்டி முடிந்து வெளியே டீக்கடைக்குக் கூட்டிப் போங்கள். "அந்தப் பையனுக்கு என் மகன் வயசு" என்பதை முதலில் அவளிடம் சொல்லிப் பாருங்கள்.