முகத்தில் மங்கும் கருந்திட்டுகளும் ஏன் வருகின்றன? வீட்டிலேயே குறைக்க முடியுமா?

தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் நிறமி ஓரிடத்தில் மட்டும் அளவுக்கு மேல் சேர்ந்துவிடுவதே கருந்திட்டு. கன்னத்திலும் நெற்றியிலும் படர்ந்து வருவதை மங்கு என்கிறோம்.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் காயும் களத்தில் வேலை செய்யும் பெண்கள், வெயில் ஏறியதும் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். தோலும் அதையே செய்கிறது: வெயில் பட்டதும் தன் செல்களைக் காக்க நிறமியைப் போர்த்திக்கொள்கிறது, வெயில் விடாதவரை அந்தத் துண்டை அது இறக்குவதில்லை. பருவைக் கிள்ளிப் புண்ணாக்கினாலும், கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாறினாலும் அதே நிறமி கூடுதலாகச் சுரக்கும்.

ஆகவே வீட்டில் முதலில் செய்ய வேண்டியது வெயிலைத் தடுப்பதுதான். எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் திறனின் அளவு) 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனைக் காலையில் தடவி, வெளியில் இருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவுங்கள். நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) கலந்த கிரீம் உதவும் என்றாலும், மாற்றம் தெரிய 2, 3 மாதங்களாவது பொறுக்க வேண்டும். மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு களிம்பை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். சில நாள் வெளுப்புக் காட்டிவிட்டு, பிறகு தோலையே மெலியச் செய்துவிடும். பின்கழுத்து கருத்துத் தடித்திருந்தால் அது அழுக்கன்று, சர்க்கரை நோயின் அறிகுறியாக இருக்கலாம்; தேய்க்காமல் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சைச் சாறு முகக் கருமையைப் போக்கும் என்று பலர் நம்புகிறார்கள்; உண்மையில், சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் எழுந்து, ஆறிய இடம் முன்னைவிடக் கருத்துப்போகக்கூடும்.